சேர்க்காமல், குறைக்காமல்

கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். கவரை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி ஓட்டைக்கு அருகே குனிந்து ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "அவருக்குத் தெரிய வேணாம்மா." அந்த 'அவர்' பெரும்பாலும் அவர்களுக்குப் பின்னாலேயே, பிளாஸ்டிக் நாற்காலியில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அவரைப் பார்க்காமல் இருக்கப் படுகிற பாட்டிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிடும். மீதியை வீட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில், பக்கத்தில் இருக்கிற மனைவி ஜன்னலை விட்டுத் திரும்பாமல் வருவதை வைத்துத் தெரிந்துகொள்வார். ஆனாலும் ஒருத்தருக்கொருத்தர் வாய் திறக்க மாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் பக்கத்து ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. சோறு நிறைய விளைகிற சீமை என்பதால் இருக்கலாம்.

எனக்கு இது ஆகாது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள் என்று சின்ன வயதிலேயே பெயர் வாங்கிவிட்டேன். "இவளைச் சீர் செனத்திக்குக் கூப்பிடு, பேச மட்டும் விட்டுடாதே" என்று சித்தப்பா சொல்வார். சித்தப்பா என் அப்பாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் கெட்ட செய்தி சொல்லும் இலாகா அவருடையது. அதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. அவர் கண்டுபிடித்ததல்ல, ஊரே அப்படித்தான் செய்கிறது.

யாராவது இறந்துவிட்டால் வெளியூரில் இருக்கிற மகனுக்கோ மகளுக்கோ போன் போகும். இறந்துவிட்டார் என்று சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் சீரியஸா இருக்கு, கெளம்பி வா" என்பார்கள். வழியில் பதறி எதுவும் ஆகிவிடக் கூடாது என்பது கணக்கு. மகள் பக்கத்து ஊரில் இருந்தால் காரே அனுப்புவார்கள். அந்தக் காரில் டிரைவர் மட்டும் வந்தால் நம்பிக்கை உண்டு. பின்சீட்டில் இரண்டு அத்தைகள் உட்கார்ந்து வந்து, நடுவில் இடம் விட்டிருந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. என் மாமியார் அப்படி ஒரு காரைத் தெருமுனையில் பார்த்ததுமே அடுப்பை அணைத்துவிட்டு அழ ஆரம்பித்தவர். அத்தைகள் இறங்கி வந்து, "ஒண்ணும் இல்ல, சும்மா பாத்துட்டு வரலாம்னு" என்றார்களாம். அப்போதும் சொல்லவில்லை.

அம்மா போனபோது என் தம்பி குவைத்தில் இருந்தான். ஏ.சி. மெக்கானிக் வேலை. சித்தப்பாதான் பேசினார். "அம்மா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில இருக்கு. ஐசியூவுல. உன்னைத்தான் கேக்குது, வா." அம்மா அப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். நான் போனைப் பிடுங்கப் போனேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

தம்பி கிளம்பி வந்தான். அம்மாவுக்கு முட்டி வலி என்று விமான நிலையத்தில் முட்டியில் மாட்டிக்கொள்கிற உறை ஒன்று வாங்கியிருக்கிறான். திருச்சியில் சித்தப்பா மகன் காரோடு நின்றான். வழியெல்லாம் ஐசியூ கதை. அம்மா ரெண்டு வாய் கஞ்சி குடித்ததாகக்கூடச் சொல்லியிருக்கிறான் பாவி. தஞ்சாவூருக்குள் திரும்புகிற இடம் வந்தது. கார் திரும்பவில்லை, பைபாஸிலேயே நேராகப் போனது. "ஆஸ்பத்திரிக்குத் திரும்பலையாண்ணே?" என்று தம்பி கேட்டிருக்கிறான். அங்கிருந்து வீடு வந்து சேரும் வரை காரில் யாரும் பேசவில்லையாம். அந்த உறையோடுதான் வாசலில் இறங்கினான். சித்தப்பா மகனின் சட்டையைப் பிடித்து, "கஞ்சி குடிச்சாங்கன்னு சொன்னீங்களே" என்று கேட்டான். அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இது நடந்து சில வருடம் கழித்து, ஒரு கார்த்திகை அடைமழையில், அப்பாவுக்கு வந்தது. சம்பா நட்டு பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். வயலில் தண்ணீர் தேங்கி நின்றது. வடிகாலை வெட்டிவிடுகிறேன் என்று மண்வெட்டியோடு போன மனிதர் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வயல்காரர் தூக்கி வந்தார். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் டாக்டர் என்னையும் சித்தப்பாவையும் கூப்பிட்டு, நினைவு இருக்கிறது, ஆனால் எதுவும் சொல்வதற்கில்லை, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார்.

தம்பிக்கு நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைக் கூரைக்குக் கீழே நின்று போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். தஞ்சாவூர்ல ஐசியூவுல இருக்காரு. நினைவு இருக்கு. ஆனா நிலைமை நல்லா இல்ல, டாக்டர் வரச் சொல்லிட்டாரு. உடனே கெளம்பு."

அவன் ரொம்ப அமைதியாகக் கேட்டான்.

"எப்பக்கா எடுக்குறீங்க?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் கத்தினேன்.

"என்னத்தடா எடுக்குறது? உயிரோட இருக்காருடா!"

"சரிக்கா. நீ சொல்ல வேணாம், விடு. எனக்குத் தெரியும்." அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான். "என்னை எதிர்பாத்து வைக்காதீங்க. அம்மாவை வச்சிருந்த மாதிரி அவரையும் அந்தப் பொட்டியில வச்சு என்னால பாக்க முடியாது. முறைய சித்தப்பா பையன் செய்யட்டும். நான் காரியத்துக்கு வந்துர்றேன்."

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பாவி மகன்கள் போன தடவை அதே வார்த்தைகளைச் செலவழித்துவிட்டார்கள். தஞ்சாவூர், ஐசியூ, நினைவு இருக்கு, உடனே வா. எனக்கென்று புதிதாக ஒரு சொல்லும் மிச்சம் வைக்கவில்லை. புலி வருது கதையில் புலி வந்ததாவது நிஜம் என்று ஊருக்குக் கடைசியில் தெரிந்தது. இங்கே மனிதர் உயிரோடிருக்கிறார் என்பதை நம்ப ஆளில்லை.

சித்தப்பா பேசிப் பார்த்தார். "சத்தியமா சொல்றேன்பா, உங்கப்பா இருக்காரு." இதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். சித்தப்பா சத்தியம் வேறு செய்கிறாரே என்று தம்பிக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. சித்தப்பா மகனும் பேசினான். அவன் குரலைக் கேட்டதுமே தம்பி போனை வைத்துவிட்டான்.

வீடியோ காலில் காட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஐசியூவுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். நர்ஸ் ஒருத்தி இரக்கப்பட்டு, கதவின் கண்ணாடி வழியாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள விட்டாள். முகத்தில் ஆக்ஸிஜன் மூடி, கண் மூடியிருக்கிறது, கழுத்து வரை வெள்ளைப் போர்வை. அவசரத்தில் அதையே அனுப்பித் தொலைத்தேன். உடனே பதில் வந்தது. "இதை ஏன்க்கா அனுப்புன?" அவ்வளவுதான். எனக்கு என் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. உள்ளே அப்பா கண் விழிக்கும்போதெல்லாம் நர்ஸிடம், "குவைத்துலேருந்து வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பிள்ளையோ குவைத்தில் தன் அறையில் அவருக்காகத் துக்கம் காத்துக்கொண்டிருந்தான்.

மதியம் திரும்பவும் அவனைப் போனில் பிடித்தேன். திட்டினேன். அழுதேன். கடைசியில் அவனே சொன்னான்.

"அவரு நெசமாவே இருந்தா, ஒண்ணு கேட்டுச் சொல்லு. நான் மொதல்ல குவைத்துக்குக் கெளம்புன அன்னைக்கு, கும்போணம் பஸ் ஸ்டாண்டுல, நான் பஸ்ஸுல ஏற மாட்டேன்னு சொன்னப்ப, எங்கிட்ட என்ன சொன்னாருன்னு கேளு. எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது."

அவன் ஏற மாட்டேன் என்று சொன்னதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் நாங்கள் கேட்ட கதை வேறு. பையன் சிரித்துக்கொண்டே போனான், கையாட்டிக்கொண்டே போனான் என்றுதான் அப்பா வந்து சொல்லியிருந்தார். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவையும் இல்லை சம்பாவும் இல்லை என்று ஆகிப்போன வருடம் அது. தம்பிக்கு வயல் வேலை என்றால் உயிர். ஆனாலும் வெளிநாடு என்றதும் துள்ளிக் குதித்துப் போய்விட்டான் என்று நான்கூட உள்ளுக்குள் கொஞ்சம் குறைபட்டிருக்கிறேன்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். நான் போனேன். அப்பா விழித்திருந்தார். அவரிடமும் நான் சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, தம்பி வரமாட்டேங்கிறான். நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டிருக்கான்."

அப்பா மூடியை விரலால் விலக்கினார். "செத்துட்டனா?"

"எப்ப எடுக்குறீங்கன்னு கேட்டான்."

"அவ்வளவு அவசரமா அவனுக்கு?" என்றார். சிரித்ததில் இருமல் வந்து, பக்கத்தில் இருந்த மிஷின் கீச்சிட்டு, நர்ஸ் ஓடி வந்து என்னை முறைத்தாள். அவள் போனதும் தம்பி கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அப்பாவின் சிரிப்பு நின்றது.

"அத ஏன் இப்ப கேக்குறான்?"

"நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்க."

"ஞாபகம் இல்ல." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஞாபகம் இல்லாதவர் முகத்தைத் திருப்ப மாட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வாசலிலிருந்து சைகை காட்டினாள். அப்போதுதான் அப்பா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ இங்க இருந்து எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. நீ இல்லாட்டி வயலு ஒண்ணும் தரிசாக் கெடந்துராது. ஏறுடான்னேன்."

நான் கிளம்பத் திரும்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பொய்யி. அதையும் சொல்லிரு."

வராந்தாவில் சித்தப்பா நின்றிருந்தார். அவரிடம் சொன்னதும் பதறிப்போனார். "இதையா சொல்லப்போற? ஏற்கெனவே உடைஞ்சு போய்க் கெடக்குறான். 'நல்லா இருடா தம்பின்னு சொன்னாரு'ன்னு சொல்லும்மா, யாருக்கு என்ன நஷ்டம்?" அந்த நேரத்தில் எனக்கே வாய் கூசியதுதான். சாகக் கிடக்கிற அப்பன் சொன்னதாக ஒரு பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் அதில் ஒரு சொல்லைச் சர்க்கரை தடவினாலும் அவன் வரமாட்டான். சித்தப்பாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போன் போட்டேன். அப்பா சொன்னதைச் சேர்க்காமல் குறைக்காமல், அந்த 'டா'வோடு சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு கேவல் கேட்டது.

"அக்கா, அப்பா இருக்காருக்கா. அப்பா இருக்காரு!"

ஏதோ எனக்குத் தெரியாத சேதியை அவன் எனக்குச் சொல்வது போல் சொன்னான். டிக்கெட் போடுகிறேன், கம்பெனியில் காலில் விழுந்தாவது கிளம்பிவிடுகிறேன் என்றான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "இன்னொண்ணும் சொன்னாருடா. அன்னைக்கு அப்படிச் சொன்னது பொய்யின்னு சொன்னாரு" என்றேன்.

"வேணாம்க்கா," என்றான். "அது நீ சேத்தது."

"இல்லடா, சத்தியமா அவருதான் சொன்னாரு."

"மொதல்ல சொன்னது அவரு குரலு. ரெண்டாவது உன் குரலு. பரவால்ல விடுக்கா, எனக்காகத்தானே சொல்ற."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரெல்லாம் என்னை நாக்கில் கத்தி வைத்திருப்பவள் என்று சொல்கிறது; என் கூடப் பிறந்தவன் நான் பூசி மெழுகுகிறேன் என்கிறான்! ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் மேல் தப்பில்லை. எங்கள் ஆட்களிடம் பயிர் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். கதிர் தலை சாய்ந்து வரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். "ஏதோ கெடக்குங்க" என்பார்கள். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். கெட்டதைச் சொன்னால் கேட்பவர் தாங்க மாட்டார். பிறகு என்னதான் மிச்சம்? வசவுதான். எங்கள் வீட்டில் கலப்படமில்லாமல் கிடைத்த ஒரே சரக்கு அதுதான். அதை மட்டும் நம்ப அவன் பழகிவிட்டான்.

இரண்டு நாளில் வந்து சேர்ந்தான். திருச்சிக்கு நானே காரில் போனேன். தஞ்சாவூர் வரும் வரை சீட்டின் நுனியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். வண்டி ஊருக்குள் திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வரை விடவில்லை.

அதற்குள் அப்பாவை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். டாக்டரே ஆச்சரியப்பட்டார். தம்பி கட்டிலருகே போய் நின்றான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெலிஞ்சுட்டியே" என்றார். "வடிகால்ல தண்ணி வடிஞ்சுதான்னு பாத்தியா?"

"நேரா இங்கதாம்ப்பா வர்றேன். போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

அதற்குப் பிறகு மூன்று நான்கு நாள் அந்த இரண்டு ஆண்களும் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். தண்ணீர் வடிந்தது, மேலுரம் போட வேண்டும், மழை விட்டால் பயிர் தேறிவிடும், அறுப்புக்கு மிஷினை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு பற்றி மூச்சு இல்லை. தம்பி சாத்துக்குடி உரித்துக் கொடுத்தான், அவர் சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் லீவு முடிந்துகொண்டிருந்தது. இப்படியே இவன் மறுபடி விமானம் ஏறிவிடுவான், அடுத்த முறை வரும்போது கேட்க ஆள் இருக்காது என்று பயந்தேன்.

ஒரு மதியம் தம்பியே எப்படியோ வாயைத் திறந்தான். சாத்துக்குடித் தோலைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல சொன்னது பொய்யின்னு சொன்னீங்களாம். அக்கா சொன்னுச்சு" என்றான்.

அப்பா என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "அவ எதாவது சொல்லியிருப்பா," என்றார்.

தம்பி லேசாகச் சிரித்துத் தலையாட்டினான். தனக்குத் தெரிந்ததுதான் என்பது போல. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பா!" என்றேன். அடுத்த கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "நான் ஒரு வார்த்தை சேக்கல. நீங்க சுவரைப் பாத்துக்கிட்டுச் சொன்னத அப்படியே சொன்னேன். இவன் இத்தனை வருஷமா நீங்க வேண்டாம்னு தள்ளிவிட்டதா நெனச்சுக்கிட்டு அங்க வெயில்ல மொட்டை மாடி மொட்டை மாடியா ஏறி எறங்கிக்கிட்டிருக்கான். இப்பவும் அப்படியே போகணுமா? உங்களுக்குப் பொழைக்கத் தெரிஞ்சுது, இந்த ஒண்ணச் சொல்லத் தெரியாதா? சொல்லுங்க. சொல்லலைன்னா நான் இந்த வார்டை விட்டு நகர மாட்டேன்."

நெஞ்சு வலிக்காரரிடம் பேசுகிற பேச்சா என்று பிறகு சித்தப்பா கேட்டார். இல்லைதான்.

அப்பாவின் கண் ஓரத்தில் தண்ணீர் கட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினார். ஊசி குத்தியிருந்த கை, பாதியிலேயே இறக்கிவிட்டார்.

"பொய்தான்டா," என்றார். "நீ போனப்புறம் நான் வீட்டுக்குப் போகல. அந்த ஸ்டாண்டுலயே உக்காந்துட்டேன். எந்த வண்டி உள்ள வந்தாலும் நீ பாதி வழியில எறங்கித் திரும்பி வந்துட்டியோன்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தேன். இருட்டுனப்புறம்தான் வீட்டுக்கு வந்து, சிரிச்சுக்கிட்டே போனான்னு உங்கம்மாகிட்ட சொன்னேன்."

தம்பியின் கையிலிருந்த சுளை கீழே விழுந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லப்பா. போவாதன்னு வேணாம். கஷ்டமா இருக்குன்னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருந்தா ஏறியிருப்பியா?"

தம்பி யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு எத்தனையோ வழி இருந்தது.

"ஏறியிருக்க மாட்டேன்," என்றான்.

"அதான்," என்றார் அப்பா.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு என்னிடம் எப்போதும் நூறு காரணம் இருக்கும். அந்தக் கட்டிலுக்கருகே நின்றபோது ஒன்றுகூட வாயில் வரவில்லை. அப்பாவின் இடத்தில் நான் இருந்திருந்தால் உள்ளதைச் சொல்லித் தம்பியை அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அந்தக் காய்ந்த வருடத்தில், அந்த வீட்டுக்கு. பிறகு நாங்கள் எல்லோரும் எதைச் சாப்பிட்டிருப்போம் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எனக்கு அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. தம்பிக்கு வரவில்லை. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்பாவின் காலடியில் மெத்தை மேல் முகத்தைக் கவிழ்த்து, வார்டில் அத்தனை பேர் பார்க்க, பஸ் ஏற மாட்டேன் என்று நின்ற அந்த இருபத்திரண்டு வயசுப் பையனாக அழுதான்.